கடைசியாகச் சாப்பிட்டது எப்போது?

காலை ஆறு மணி ஐந்து நிமிடம். ஆய்வுகூடத்தின் வாசலில் நான் முதலில் கண்டது ஒரு சோடி இறப்பர்ச் செருப்பு. நாங்கள் யாரையும் செருப்பைக் கழற்றச் சொல்வதில்லை. இரவு பெய்த மழையில் விறாந்தை ஈரமாக இருந்தது. செருப்பு இரண்டும் சுவரோடு ஒட்டி, ஒன்றுக்கொன்று நேராக வைக்கப்பட்டிருந்தன. உள்ளே மர வாங்கில் ஓர் இளம் பெண் வெறுங்காலோடு உட்கார்ந்திருந்தாள். நெற்றியில் திருநீறு. கீழுதட்டில் வெடிப்பு. கையில் எங்கள் படிவம், நிரப்பி முடிந்தது.

இவ்வளவையும் அன்றைக்கே என் கொப்பியில் எழுதினேன். எழுதியதைப் பிறகு நான் வாசிக்கவில்லை. என் பிழை அங்கேதான் தொடங்கியது.

இந்த ஆய்வுகூடத்துக்குப் புதிதாக வந்திருக்கும் உங்களுக்கு, ஓய்வு பெற்ற நான் ஏதாவது எழுதித் தரவேண்டும் என்று கேட்டார்கள். குருதியைச் சுழற்றிப் பிரிப்பதும் உறைய வைப்பதும் உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். என் காலத்து இயந்திரங்களில் பாதி இப்போது களஞ்சியத்தில் கிடக்கின்றன. ஆகவே அவற்றை விட்டுவிடுகிறேன். நான் எழுதிய ஒரு சொல்லைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

ஆய்வு இதுதான். பாரம் தூக்கும்போது உடலில் சில ஓமோன்கள் ஏறும். அவற்றில் ஒன்று வளர்ச்சி ஓமோன். ஒட்சிசன் குறைந்த காற்றைச் சுவாசித்துக்கொண்டு அதே பாரத்தைத் தூக்கினால் அது இன்னும் கூட ஏறுகிறது என்று வேறு நாடுகளில் கண்டிருந்தார்கள். அந்த ஏற்றத்தால் தசைக்குப் பயன் உண்டா என்பதில் இன்றுவரை ஒத்த கருத்து இல்லை. எங்கள் பிள்ளைகளில் எப்படி என்று பார்க்க டொக்டர் விரும்பினார். டொக்டர் என்று நான் சொல்வது ஆய்வுக்குத் தலைமை தாங்கியவரை. வெளிநாட்டில் படித்துவிட்டு வந்தவர். என்னைவிடப் பத்து வயது இளையவர். ஒரு நாளும் குரலை உயர்த்தாதவர்.

ஒட்சிசன் குறைந்த காற்று வேண்டுமென்றால் மலைக்குப் போகவேண்டும். குடாநாட்டில் மலை என்று பெயருள்ள இடம் கீரிமலை. அங்கே போனால் கேணிக்குள் இறங்கலாம், ஏறுவதற்கு ஒன்றுமில்லை. அதனால் ஓர் அறைக்குள் பிளாஸ்ரிக் கூடாரம் ஒன்றை அமைத்து, காற்றிலிருந்து ஒட்சிசனைக் குறைக்கும் இயந்திரம் ஒன்றை வெளியே வைத்து, குழாயால் இணைத்தோம். இலங்கையின் எந்த மலை உச்சியிலும் இருப்பதைவிட மெலிந்த காற்று உள்ளே வரும். ஒவ்வொருவரும் ஒரு கிழமை இடைவெளியில் இரண்டு தடவை வரவேண்டும்: ஒரு தடவை சாதாரண காற்று, மற்றத் தடவை மெலிந்த காற்று. எது எந்த நாள் என்று அவர்களுக்குச் சொல்வதில்லை. இயந்திரம் இரண்டு நாளும் இரைந்துகொண்டிருக்கும். தூக்குவதற்கு முன் ஒரு தடவையும் பின் மூன்று தடவையும் குருதி எடுப்போம்.

எடுப்பவர் ஸ்ரெலா, குருநகரைச் சேர்ந்த தாதி. முகத்தைப் பார்த்துக் கதைத்துக்கொண்டே ஊசியை ஏற்றிவிடுவார். ஆள் பதில் சொல்லி முடிக்குமுன் பஞ்சு வைத்திருப்பார். என் கொப்பியைப் பார்த்தால் அவருக்குச் சிரிப்பு.

"நான் தும்மினதும் அதிலை இருக்குமே அக்கா?" என்று ஒருநாள் கேட்டார்.

இருந்தது. இரண்டு தடவை.

அந்தப் பழக்கம் எனக்கு ஆய்வுகூடத்தில் வந்ததில்லை. இந்தத் தொழிலுக்குப் படிக்கப் போகுமுன் யாழ்ப்பாணத்தில் ஒரு பத்திரிகையில் மூன்று வருடம் ஒப்புநோக்காளராக இருந்தேன். மரண அறிவித்தல்கள் என் மேசைக்கு வரும். ஒருநாள் வந்த அறிவித்தலில் இறந்த அம்மாவுக்கு அறுபத்தேழு வயது. மூத்த மகனுக்கு ஐம்பத்தெட்டு என்று அடியில் பென்சிலால் குறித்திருந்தது. ஒன்பது வயதில் யார் பிள்ளை பெறுவது? அறுபத்தேழை எண்பத்தேழாகத் திருத்தி அனுப்பிவிட்டேன். அடுத்த நாள் காலை வீட்டார் வந்து நின்றார்கள். அந்த அம்மா இரண்டாந்தாரம். மூத்த மகன் முதல் தாரத்தின் பிள்ளை. தன்னை வளர்த்தவரைத் தன் தாயாகத்தான் பெயர் போடவேண்டும் என்று நின்றவர் அவர். ஒப்புநோக்கும் பகுதிக்குப் பொறுப்பாக இருந்த பெரியவர் என்னை ஏசவில்லை. ஒரு கேள்வி மட்டும் கேட்டார்: "ஆரைக் கேட்டனீர்?" பிறகு என்னையும் கூட்டிக்கொண்டு செத்தவீட்டுக்குப் போய், பந்தலுக்குக் கீழே நின்று மன்னிப்புக் கேட்டார். அந்தக் கேள்வியை நான் மறக்கவே மாட்டேன் என்று அப்போது நினைத்தேன்.

ஆய்வு தொடங்கிய முதல் கிழமையிலேயே அது எங்களுக்கு ஒரு தடவை தேவைப்பட்டது. தொண்டர்களில் ஒருவர் ஸ்ரெலாவின் மச்சான் முறை, குருநகர் ஆள். படிவத்தில் 'தொழில்' என்ற இடத்தில் 'கடல்' என்று எழுதியிருந்தார். சாதாரண காற்று விட்ட நாளிலும், பாரம் தூக்கும் ஒவ்வொரு தடவையும் அவரது விரலில் மாட்டிய ஒட்சிசன் மானி சரசரவென்று இறங்கியது. இயந்திரம் பழுது என்று டொக்டர் அதைப் பாதி கழற்றிவிட்டார். ஸ்ரெலாதான் கூடாரத்துக்குள் தலையை நீட்டி, மூச்சு விடுகிறாரா என்று கேட்டார்.

"தண்ணிக்குள்ளை பாரம் தூக்கேக்கை ஆர் மச்சாள் மூச்சு விடுறது?" என்றார் அவர்.

அவர் கடலட்டை குளிப்பவர், கடலுக்கடியில் மூழ்கி அட்டை எடுப்பவர். இருபது வருடமாக மூச்சை அடக்கிக்கொண்டுதான் எதையும் தூக்கியிருக்கிறார். எல்லோரும் சிரித்தோம். படிவத்தில் தொழிலை விவரமாக எழுதும்படி ஒரு வரியைச் சேர்த்தோம். படிவம் இனிச் சரி என்று நினைத்தோம்.

இப்போது அந்தப் பெண்ணுக்கு வருகிறேன். தர்சிகா என்று வைத்துக்கொள்ளுங்கள். பருத்தித்துறைப் பக்கம், கடற்தொழில் செய்யும் குடும்பம். தகப்பனும் இரண்டு தமையன்மாரும் கடலுக்குப் போகிறவர்கள். பளுதூக்கலில் மாவட்டத்தில் பெயர் எடுத்திருந்தாள். அவளுடைய பயிற்றுநரை எல்லோரும் மாஸ்ரர் என்றுதான் அழைப்போம். அவளோடு அதே மாஸ்ரரிடம் பயிற்சி பெற்றவள் கீர்த்தனா, என் ஊரான உடுப்பிட்டியைச் சேர்ந்தவள். இரண்டு பேரும் ஒரே எடை வகுப்பு. ஒரு கிழமை இவள் ஒரு கிலோ கூடத் தூக்கினால் அடுத்த கிழமை அவள் தூக்குவாள். கொழும்பில் நடக்கவிருந்த தேசியத் தேர்வுக்கு மாவட்டத்திலிருந்து ஒரு வகுப்புக்கு இரண்டு பேரை அனுப்பலாம். அங்கே ஒருவரைத்தான் பயிற்சி முகாமுக்கு எடுப்பார்கள். இருவரும் எங்கள் ஆய்வுக்கும் வந்தார்கள். கீர்த்தனா முழங்கால் வீங்கியதால் முதல் தடவையோடு நின்றுவிட்டாள். தர்சிகா இரண்டாம் தடவைக்கும் வந்தாள். அந்தப் புதன்கிழமைதான் செருப்பை வெளியே கழற்றி வைத்திருந்தாள்.

அன்று அவளுக்கு மெலிந்த காற்று. நான் வழக்கம்போலக் கேட்டேன்: இரவு பத்து மணிக்குப் பிறகு ஏதாவது சாப்பிட்டீரா? இல்லை என்றாள். படிவத்திலும் அப்படியே எழுதியிருந்தாள். விரல் நுனியில் பார்த்த சீனி எல்லைக்குள் இருந்தது, ஆனால் கீழ் எல்லையின் ஓரத்தில். கூடாரத்துக்குள் போனாள். என் கொப்பியில் அன்றைய பக்கம் இப்படி முடிகிறது:

'7.10. மூன்றாம் சுற்று முடிந்ததும் கீழே இருந்துவிட்டார், நாற்பது வினாடி. நிறுத்தவா என்று டொக்டர் கேட்டார். ஏலும் என்றார். எழும்பி முடித்தார். 7.55. கடைசிக் குருதி. பிளேன்ரீ வேண்டாம் என்றார். தண்ணீர் குடித்தார். பணிஸைப் பைக்குள் வைத்தார்.'

கடைசிக் குருதி எடுத்தபின் எல்லோருக்கும் தேநீரும் பணிஸும் கொடுப்போம். இரவு முழுவதும் வெறும் வயிற்றோடு இருந்தவர்கள், இரண்டு வாயில் விழுங்குவார்கள். பைக்குள் வைத்தவள் அவள் ஒருத்திதான்.

குருதி மாதிரிகளைச் சேர்த்து வைத்து, இரண்டு கிழமைக்குப் பிறகு ஒரு வியாழக்கிழமை ஒன்றாகப் பரிசோதித்தோம். காலை ஒன்பது நாற்பதுக்குப் பெறுபேறு என் கையில் இருந்தது. எல்லோருக்கும் எதிர்பார்த்தபடி: தூக்குமுன் தாழ்வு, தூக்கியபின் உயர்வு, மெலிந்த காற்றில் சற்றுக் கூடிய உயர்வு. தர்சிகாவின் வரியில் மட்டும் தூக்குமுன் எடுத்த குருதியிலேயே வளர்ச்சி ஓமோன், மற்றவர்களுக்குத் தூக்கியபின் இருந்ததைவிட உயர்ந்து நின்றது. முதல் கிழமை அவளுடைய அளவு சாதாரணம். ஏழு நாளில் இப்படி. திரும்பவும் பரிசோதித்தேன். அதே எண்.

வளர்ச்சி ஓமோனை ஊசியாகப் போட்டுக்கொள்ளும் விளையாட்டு வீரர்கள் உலகத்தில் இருக்கிறார்கள். அது உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரிந்திருந்தது. அந்த ஓமோன் அலையலையாகச் சுரப்பது, ஒரு தடவை எடுத்த ஒரு துளியை வைத்து எவரைப் பற்றியும் எதையும் சொல்ல முடியாது என்பதும் எனக்குத் தெரிந்திருந்தது. இருந்தும் சிவப்புப் பேனையால் அந்த எண்ணைச் சுற்றி ஒரு வட்டம் போட்டு, பக்கத்தில் ஒரு சொல் எழுதினேன்.

'ஊசி?'

கேள்விக்குறி போட்டிருந்தேன்தான். பத்திரிகையில் இருந்தவளுக்குத் தெரியும், தலைப்பில் கேள்விக்குறி இருந்தாலும் வாசிக்கிறவர் அதைப் பார்ப்பதில்லை என்று.

பன்னிரண்டு மணிக்கு டொக்டர் வந்தார். தாளைப் பார்த்தார். கன நேரம் பார்த்தார்.

"இது நீங்கள் எழுதினதோ, மிஸ்?"

"ஓம், டொக்டர்."

"நீங்கள் சும்மா உப்பிடி எழுதிற ஆள் இல்லையே."

என் முப்பது வருட வேலைக்கு யாரும் தந்த மதிப்பில் பெரியது அது. அது முழுவதும் அந்த நிமிடத்தில் அந்தப் பிள்ளைக்கு எதிராக நின்றது. டொக்டர் தன் கண்ணால் கண்டதைவிட என் கையெழுத்தை நம்பினார்.

அவசரத்துக்குக் காரணம் இருந்தது. தொண்டர்கள் கையெழுத்திட்ட சம்மதப் படிவத்தில், ஊக்கமருந்து என்று சந்தேகம் வந்தால் பயிற்றுநருக்கு அறிவிப்போம் என்று ஒரு வரி உண்டு. மாஸ்ரர் கேட்டுப் போட்ட வரி அது. தேர்வுக்கான பெயர்ப்பட்டியலை அவர் அடுத்த நாள், வெள்ளிக்கிழமை பன்னிரண்டு மணிக்குள் அனுப்பவேண்டும். டொக்டர் அறிவித்தால் தர்சிகாவின் பெயர் அதில் இராது. அதோடு நின்றாலும் பரவாயில்லை. குடாநாடு எவ்வளவு சிறிய இடம் என்று உங்களுக்குத் தெரியும். ஊசி போட்ட பெட்டை என்று ஒரு தடவை பெயர் வந்தால், அவள் வீட்டுப் படலைவரைக்கும் அது கூடவே போகும்.

பின்னேரம் மாஸ்ரருக்கு எடுத்துச் சொல்லப்போவதாக டொக்டர் சொன்னார். நாளை பத்து மணிவரை பொறுக்க ஏலுமா என்று கேட்டேன். எதற்கு என்று கேட்டார். அந்தச் சொல் என் கையால் எழுதப்பட்டது என்பதால் என்றேன். பத்து மணி என்று சொல்லிப் போனார்.

சாப்பாட்டு நேரத்தில் ஸ்ரெலா வந்தபோது நான் கொப்பியைத் திறந்து வைத்துக்கொண்டிருந்தேன். நடந்ததைச் சொன்னேன். அவர் கொப்பியை எடுத்து, சோற்றுக் கையை விலக்கிப் பிடித்துக்கொண்டு, அந்தப் பக்கத்தைச் சத்தமாக வாசித்தார். பணிஸ் வந்த இடத்தில் சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்தினார்.

"அக்கா, அண்டைக்கு அந்தப் பிள்ளைக்கு வாய் மணந்தது."

"என்ன மணம்?"

"பழுத்துப்போன பழம் மாதிரி. பெரிய வெள்ளிக்கு ஒண்டும் தின்னாமல் நிண்டால் பின்னேரத்திலை எனக்கும் கொஞ்சம் உப்பிடித்தான். கையிலை பட்டி கட்டேக்கை மணந்தது. நான் பெரிசா எடுக்கேல்லை."

குளிர்சாதனப் பெட்டிக்கு மேலே நாட்காட்டி தொங்கியது. இரண்டு பேரும் ஒரே நேரத்தில் அதைப் பார்த்தோம். அந்தப் புதன்கிழமைக்குக் கீழே சின்ன எழுத்தில் போட்டிருந்தது: கந்தசஷ்டி விரதம், ஐந்தாம் நாள்.

நான் உடுப்பிட்டியில் மெதடிஸ்த குடும்பத்தில் பிறந்தவள். எங்கள் வீட்டில் அந்த விரதம் இல்லை. ஆனால் அயல் முழுவதும் உண்டு. ஐப்பசியில் அந்த ஆறு நாளும் யார் வீட்டில் பாலும் பழமும், யார் வீட்டில் மிளகும் தண்ணீரும் என்பது சின்ன வயதிலிருந்து எனக்குத் தெரியும். விரதக்காரர் வீட்டுக்கு அந்த நாட்களில் பலகாரம் கொண்டு போகவேண்டாம் என்று அம்மா சொல்லுவா. அவ்வளவு தெரிந்த நான், அந்தக் கிழமை ஆய்வுகூடத்துக்குள் வந்து நின்ற ஒரு பிள்ளையிடம் இரவு பத்து மணிக்குப் பிறகு சாப்பிட்டீரா என்று மட்டும் கேட்டிருக்கிறேன். ஊர் வேறு, ஆய்வுகூடம் வேறு என்பதுபோல.

நாட்கணக்கில் சாப்பிடாமல் இருந்தால் வளர்ச்சி ஓமோன் ஏறும். பாடப்புத்தகத்தில் உள்ளது. நான் பரீட்சையில் எழுதியிருக்கிறேன்.

ஆனால் இதுவும் இன்னும் என் ஊகம்தான். முதல் ஊகத்தால் வந்த கேட்டை இரண்டாவது ஊகத்தால் துடைக்க முடியாது. பெரியவரின் கேள்விக்கு இன்னும் பதில் இல்லை. மூன்றரை மணிக்கு ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு பருத்தித்துறை வீதியால் போனேன்.

மாஸ்ரரின் பயிற்சிக்கூடம் ஒரு பழைய வெங்காயக் களஞ்சியம். தகரக் கூரையில் மழை விழுந்துகொண்டிருந்தது. மாஸ்ரர் இன்னும் வரவில்லை. தர்சிகா ஒரு மூலையில் இரும்புத் தட்டுகளைத் துடைத்து அடுக்கிக்கொண்டிருந்தாள். எதிர்ப் பக்கத்தில் கீர்த்தனா, முழங்காலில் துணிப்பட்டி சுற்றி, மெதுவாக இருந்து எழும்பிப் பழகிக்கொண்டிருந்தாள். தர்சிகாவை விறாந்தைக்குக் கூப்பிட்டேன். எப்படிக் கேட்பது என்று வழி முழுக்க யோசித்தும் ஒன்றும் வரவில்லை. நேராகவே கேட்டேன்.

"அண்டைக்கு ஆய்வுகூடத்துக்கு வந்தீரெல்லே. அதுக்கு முன்னம் கடைசியாச் சோறு சாப்பிட்டது எப்ப?"

"வெள்ளிக்கிழமை இரவு, மிஸ்."

வந்தது புதன்கிழமை.

"பேந்து?"

"மிளகும் தண்ணியும். இரவிலை ஒரு கிளாஸ் பால்."

"ஏன் பிள்ளை எங்களுக்குச் சொல்லேல்லை?"

அவள் என்னை ஆச்சரியத்தோடு பார்த்தாள். "நீங்கள் பத்து மணிக்குப் பிறகு சாப்பிட்டதோ எண்டுதானே கேட்டனீங்கள்? பால் குடிச்சது எட்டு மணிக்கு."

அதில் ஒரு சொல் பொய் இல்லை. ஐந்தாம் நாள் விரதத்தில் நின்ற ஒரு பிள்ளையை ஒட்சிசன் குறைந்த கூடாரத்துக்குள் விட்டு, பாரம் தூக்கவைத்து, அவள் நாற்பது வினாடி கீழே இருந்ததை மணிக்கூட்டைப் பார்த்து எழுதியிருக்கிறேன். அவள் விழுந்திருந்தால் என்ன நடந்திருக்கும் என்பதை அன்று விறாந்தையில் நின்றுதான் முதன்முதலாக நினைத்தேன்.

ஏன் கேட்கிறீர்கள் என்றாள். மறைக்கவில்லை. எண்ணைச் சொன்னேன், அதற்குப் பக்கத்தில் நான் எழுதிய சொல்லையும் சொன்னேன். அவள் தன் முழங்கையின் உட்பக்கத்தைப் பார்த்தாள். ஸ்ரெலா ஊசி ஏற்றிய இடம் அது.

"எனக்கு ஊசியெண்டால் பயம், மிஸ். ஸ்ரெலா அக்கா குத்தேக்கையும் கண்ணை மூடிக்கொண்டுதான் இருந்தனான்." பிறகு குரல் இறங்கியது. "மாஸ்ரருக்குத் தெரியுமோ?"

"இல்லை. தெரியவராது. நான் பிழை விட்டுட்டன், நானே அதைத் திருத்திறன்."

அவள் தலையாட்டினாள். அழவில்லை. கையில் இருந்த துணியை நாலாக மடித்தாள். விரதம் வீட்டில் எல்லோருக்குமா என்று கேட்டேன். அம்மா பால் பழம், தான் மட்டும்தான் மிளகு என்றாள்.

"நேர்த்திக்கடனோ?"

"ஓம்."

தேர்வுக்காக என்று நினைத்தேன். அதையும் எழுதிவிடப் பார்த்தேன், மனதுக்குள். ஆனால் அன்றைக்கு ஏற்கெனவே போதிய அளவு பட்டிருந்தேன். கேட்டேன்.

"என்னத்துக்கு?"

அவள் கூடத்துக்குள் பார்த்தாள். தகரக் கூரையின் சத்தத்தில் உள்ளே ஒன்றும் கேளாது. இருந்தும் கிட்ட வந்து சொன்னாள்.

"கீர்த்தனான்ரை முழங்காலுக்கு."

உள்ளே துணிப்பட்டியோடு எழும்பிக்கொண்டிருந்த கீர்த்தனாவைத் திரும்பிப் பார்த்தேன்.

"அவவுக்குத் தெரியுமோ?"

"தெரியாது, மிஸ். சொல்லிப்போடாதேங்கோ. மூசிக்கொண்டு சண்டைக்கு வருவாள்."

"அவவின்ரை கால் சுகம் வந்தால் உமக்கல்லோ பிள்ளை கஷ்டம்?"

"அவள் இல்லாட்டில் நான் ஆரோடை தூக்கிறது?" என்றாள். சாதாரணமாக, கடைக்கு வழி சொல்வதுபோல.

அடுத்த நாள் காலை ஆறரைக்கு ஆய்வுகூடத்தைத் திறந்தேன். டொக்டருக்கு அவள் சொன்னதை மட்டும் சொன்னால் போதும் என்று நீங்கள் நினைக்கலாம். ஊசி போட்ட எவரும் அதைத்தான் சொல்லுவார்கள். கேட்டதை எண்ணோடு ஒப்புநோக்கவேண்டும். வளர்ச்சி ஓமோனுக்குப் பின்னால், ஈரலில் உண்டாகும் இன்னொரு வளர்ச்சிக் காரணி இருக்கிறது. ஓமோனை ஊசியாக ஏற்றினால் அந்தக் காரணியும் கூடவே ஏறும். பட்டினியில் ஓமோன் ஏறினால் காரணி இறங்கும், ஏனென்றால் ஈரலிடம் அதைச் செய்ய ஒன்றும் இல்லை. ஆய்வின் கடைசிக் கட்டத்துக்கென்று வாங்கிய பரிசோதனைப் பெட்டி ஒன்று குளிர்சாதனத்தில் இருந்தது. அவளுடைய இரண்டு நாள் மாதிரிகளிலும் மிச்சம் இருந்தது. ஸ்ரெலா தன் விடுப்பு நாளில் வந்து எனக்குப் பக்கத்தில் நின்றார். குழாய்களை ஒவ்வொன்றாக எடுத்துத் தந்தார்.

பத்து மணிக்கு டொக்டர் வாசலில் நின்றார். கையில் தொலைபேசி. இன்னும் இருபது நிமிடம் என்றேன். அவர் உள்ளே வந்து வாங்கில் இருந்தார். தொலைபேசியை மடியில் கவிழ்த்து வைத்தார். ஒரு தடவை அது அடித்தது. யார் என்று திருப்பிப் பார்த்துவிட்டு எடுக்காமல் விட்டார். மாஸ்ரர் என்று பிறகு தெரிந்தது.

பத்து இருபதுக்கு எண்கள் வந்தன. முதல் கிழமை அந்தக் காரணி அவள் வயதுக்கு ஏற்ற இடத்தில் இருந்தது. விரதத்தின் ஐந்தாம் நாள் அது நன்றாக இறங்கியிருந்தது.

டொக்டரிடம் தாளைக் கொடுத்து, அவள் சொன்னதையும் சொன்னேன். யாருடைய முழங்காலுக்கு என்பதை மட்டும் சொல்லவில்லை. அது அவருக்குத் தேவையில்லை. அவர் இரண்டு தாளையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்.

"என்ரை மனிசி ஆறு நாளும் விரதம், மிஸ்," என்றார். "ஆறு நாளும் நான்தான் எனக்குத் தேத்தண்ணி வச்சனான். விரதம் முடிக்கிற பாறணைக்கு விடிய எழும்பிக் காய் வெட்டிக் குடுத்தனான். எனக்கும் இது மூளையிலை ஓடேல்லை."

முதல் நாள் தாளைக் கிழித்துவிட்டுப் புதிதாக ஒன்று எழுதுவோமா என்று கேட்டார். என்னைக் காப்பாற்றத்தான் கேட்டார். வேண்டாம் என்றேன். நம் தொழிலில் பிழையை அழிப்பதில்லை. ஒரு கோடு இழுத்து, பக்கத்தில் சரியானதை எழுதி, பெயரும் திகதியும் போடுவோம். அப்படியே செய்தேன். அந்தச் சொல் இன்னும் கோப்பில் இருக்கிறது. கோட்டுக்குக் கீழே நன்றாக வாசிக்கலாம். ஒருநாள் எடுத்துப் பாருங்கள்.

தர்சிகாவின் அளவுகளை ஆய்விலிருந்து நீக்கினோம். அவளைக் கூடாரத்துக்குள் அனுப்பியது எங்கள் தவறு என்று டொக்டர் ஒழுக்கநெறிக் குழுவுக்குத் தன் பெயரில் எழுதினார். என் பெயரையும் போடச் சொன்னேன். போட்டார். படிவத்தின் ஒன்பதாவது கேள்வியை மாற்றினோம். இன்று நீங்கள் தொண்டர்களிடம் கேட்கிறீர்களே, கடைசியாகச் சாப்பிட்டது எந்த நாள், எத்தனை மணி, என்ன என்று, அது அன்றைக்கு வந்தது. சில நேரம் அதைக் கேட்க உங்களுக்கு அலுப்பாக இருக்கும். கேளுங்கள். பதிலை எழுதும்போது முகத்தையும் பாருங்கள்.

இன்னொன்றும் சொல்லவேண்டும். எண்ணைச் சுற்றி வட்டம் போடுவது உங்கள் வேலை. திரும்பப் பரிசோதிப்பது உங்கள் வேலை. ஏன் என்று தெரியாத இடத்தில் காரணத்துக்கு ஒரு சொல்லை எழுதிவிடாதீர்கள், கேள்விக்குறியோடும் எழுதாதீர்கள். உங்கள் கையெழுத்தை நம்பும் ஒருவர் அதை வாசிப்பார். நீங்கள் எவ்வளவு கவனமான ஆளோ அவ்வளவுக்கு அது மற்றவரைக் காயப்படுத்தும்.

இதை எழுதுமுன் தர்சிகாவிடம் கேட்டேன். இப்போது அவள் ஒரு பள்ளிக்கூடத்தில் விளையாட்டுப் பயிற்றுநர். எழுதுங்கோ மிஸ், பெயர்கள் இரண்டையும் மாத்திப் போடுங்கோ என்றாள். மாற்றியிருக்கிறேன். கீர்த்தனாவுக்கு விரதத்தைப் பற்றிப் பிறகு சொன்னாளா என்று கேட்டேன். சிரித்தாள், பதில் சொல்லவில்லை. நானும் திருப்பிக் கேட்கவில்லை.

அந்த வெள்ளிக்கிழமை பதினொன்றரைக்கு மாஸ்ரரின் பட்டியல் போனது. இரண்டு பெயரும் இருந்தன. கீர்த்தனாவின் முழங்கால் கார்த்திகை முடியுமுன் சுகப்பட்டது. தை மாதம் கொழும்பில் தேர்வு நடந்தது. கீர்த்தனா முதலாவதாக வந்தாள். தர்சிகா இரண்டாவது. வித்தியாசம் ஒரு கிலோ.